ஸ்டெல்லா அக்காவுக்குப் பிடித்த ரத்தப் படம்

என் ஸ்டெல்லா அக்கா,

சமையலறையில் உங்கள் பக்கத்து அடுப்பை இன்னும் யாரும் பற்றவைக்கவில்லை. ஆல்பர்ட் அண்ணனும் அஞ்சுவும் இப்போது எங்களோடுதான் சாப்பிடுகிறார்கள். அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். "ஒரே ஃப்ளாட்டுல ரெண்டு குழம்பு எதுக்குண்ணே?" என்று கேட்டேன். வந்து உட்கார்ந்துவிட்டார். மீன் குழம்புக்கு உங்கள் ஊர்ப்படி தேங்காய் அரைத்து ஊற்றிப் பார்த்தேன். அஞ்சு தின்றுவிட்டு "ஓக்கே ஆன்ட்டி" என்றாள். அந்த ஓக்கேக்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

உங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாளாம். கோட்டயத்துக்காரி. நல்ல கை என்கிறார்கள். உங்களுக்கு அது போதும் என்று தெரியும்.

இதையெல்லாம் சொல்ல மட்டும் எழுதவில்லை. போன வெள்ளிக்கிழமை, அப்பாசியா பேஸ்மெண்ட் ஹாலில், உங்கள் நினைவாகத் தையல்காரி படத்தைப் போட்டோம். ஆமாம், அதே படம்தான். உங்கள் முகம் எப்படிப் போகும் என்று தெரிகிறது. முழுக்கச் சொல்கிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு முதலில் உங்களைச் சொல்ல வேண்டும். நீங்கள் மார்த்தாண்டத்துக்காரி, நான் பட்டுக்கோட்டைப் பக்கம். குவைத்தில் ஒரே ஃப்ளாட்டில் உங்களுக்கும் ஆல்பர்ட் அண்ணனுக்கும் மகள் அஞ்சுவுக்கும் ஒரு அறை, எங்களுக்கு ஒரு அறை. ஹாலும் அடுப்படியும் பொது. நான் இந்தியன் ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நீங்கள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நான் குடிவந்த புதிதில் போனில் யாரிடமோ "இன்னிக்கு தியேட்டர்ல நாலு" என்றீர்கள். ஒரே நாளில் நாலு படம் பார்க்கிற பெண்ணா என்று மிரண்டுபோனேன்.

அது முழுத் தப்பும் இல்லை. டூட்டி இல்லாத நாளில் நீங்கள் பார்க்காத படம் கிடையாது. அதிலும் சண்டைப் படம். வெட்டு, குத்து, துரத்தல். ஜெபக்கூட்டத்தில் முக்காடு போட்டு முதல் வரிசையில் உட்காருகிற நீங்கள், ஹால் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, "குத்துல அவன, என்னத்துக்குப் பேசிட்டு நிக்குத?" என்று டிவியைப் பார்த்துக் கத்துவீர்கள். "நாள் முழுக்க ரத்தம் பாத்துட்டு வந்து மறுபடி ரத்தமாக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "அது ரத்தம். இது பெயிண்ட் மக்ளே" என்றீர்கள்.

தையல்காரி படத்துக்கு ஃபர்வானியா மாலுக்கு நீங்களும் நானும்தான் போனோம். ஆண்கள் இரண்டு பேரும் வரவில்லை. நீங்கள் டிரெய்லரிலேயே மயங்கிக் கிடந்தீர்கள். எனக்கு அரை மனசு.

படம் இதுதான். ஒரு சின்ன ஊரில் ஒரு தையல்காரி. அவள் தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அடுப்பு வெடித்து அந்தப் பெண் செத்துப்போகிறாள். விபத்து என்று கேஸை மூடுகிறார்கள். மாப்பிள்ளை, அவன் தம்பி, அப்பன், அம்மா என்று அந்த வீட்டில் நாலு பேர். தையல்காரி ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். மஞ்சள் கிடங்கில் ஒருவன். சாயப்பட்டறையில், நனைந்து தொங்குகிற நீலத் துணிகளுக்கு நடுவே ஒருவன். திருவிழாவில் பச்சை சீரியல் பல்பு வெளிச்சத்தில் ஒருவன். கடைசியில் அந்த வீட்டுச் சமையலறையில் மாமியார். கொலை நடக்கும்போது பாட்டோ பின்னணி இசையோ இல்லை. தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்.

இங்கே சென்சாரில் நிறைய எடுத்துவிட்டிருந்தார்கள். கத்தி ஓங்குவாள், அடுத்த காட்சியில் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். "வெட்டுற இடத்தயெல்லாம் வெட்டிப் போட்டானுவ" என்று நீங்கள் முனகினீர்கள். அப்படியும் தாங்காமல் இடைவேளையில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நமக்கு முன்னால் இருந்த ஒரு குடும்பம் பாப்கார்னைக்கூட விட்டுவிட்டுப் போனது. மிச்சமிருந்தவர்களில் சிலர் கத்திக் கொண்டாடினார்கள், சிலர் திட்டினார்கள். நடுவில் யாருமே இல்லை.

முடிவில் அவளைப் போலீஸ் பிடிக்கவில்லை. அவள் அழவும் இல்லை. வீட்டுக்கு வந்து, கை கழுவி, இட்லி சாப்பிட்டுவிட்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன ஜாக்கெட்டைத் தைக்க உட்காருகிறாள். ஊசியில் நூல் கோக்கிறாள். அதோடு திரை இருட்டாகிவிடுகிறது.

நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். தனியாக, தியேட்டரில் நீங்கள் ஒருத்தி மட்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது.

காரில் சண்டை போட்டோம், ஞாபகம் இருக்கிறதா?

"நாலு கொலை பண்ணிட்டு இட்லி தின்னுறா. இது என்னக்கா படம்? இதப் பாக்குற பிள்ளைங்க என்ன நினைக்கும்?"

"பிள்ளைங்கள உள்ளே விடலையே. பதினெட்டுன்னு போட்டிருக்கு."

"தப்பு பண்ணவளுக்கு ஒரு தண்டனை வேண்டாமா?"

"ஏன், முதல்ல தப்பு பண்ணுனவனுவளுக்கு யாரு தண்டனை குடுத்தா?"

"ரத்தத்தப் போயி பூ மாதிரி காட்டுறானே, அதுதான் எனக்குப் பிடிக்கல."

நீங்கள் சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "வசந்தி, நெசத்துல சாவு அசிங்கமா இருக்கும். நாத்தமா இருக்கும். யாராவது ஒருத்தராவது அதுக்கு நல்ல துணி உடுத்திக் காட்டட்டுமே" என்றீர்கள். எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை. சும்மா மடக்கிப் பேசுகிறீர்கள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் முழுக்க நம் தமிழ்ப் பெண்கள் வாட்ஸாப் குழுவில் அதுதான் பேச்சு. குழுவை நடத்துகிற திலகம் டீச்சர் நீளமாக எழுதினார். இந்த மாதிரிப் படங்கள் நம் பெண்களைக் கெடுக்கும், யாரும் போக வேண்டாம் என்று. கீழே வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். நீங்கள் டூட்டி பிரேக்கில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டீர்கள். "டீச்சரே, படத்த முழுசா பாத்துட்டுப் பேசுங்க. ரொம்ப அழகான படம். நான் இன்னொரு தடவ போகப்போறேன், யாரு வாறிய?" யாரும் வரவில்லை. ஒருத்தி, "சிஸ்டர், நீங்களா இப்படி?" என்று மட்டும் எழுதினாள்.

அந்தக் கேள்விக்குத்தான் நீங்கள் மறுநாள் அடுப்படியில் எனக்குப் பதில் சொன்னீர்கள். நெத்திலியை வறுத்துக்கொண்டே சொன்னீர்கள், யாரோ எவரோ கதை மாதிரி. உங்களுக்கு லில்லி என்று ஒரு தங்கை இருந்தாள். கட்டிக்கொடுத்த வீட்டில் தீப்பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நீங்கள் அப்போதுதான் படிப்பு முடித்து அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள்.

"எங்கையாலதான் அவளுக்கு டிரெஸ்ஸிங் பண்ணுனேன். மாஜிஸ்ட்ரேட் வந்து கேட்டப்போ ஸ்டவ் வெடிச்சுதுன்னு சொல்லிட்டா. எங்கிட்ட மட்டும் வேற சொன்னா."

"ஏன்க்கா அப்படிச் சொன்னாங்க?"

"பயம். செத்துட்டு இருக்கப்பவும் பயம், கேட்டியா. வெளிய தெரிஞ்சா அக்கா எனக்குக் கல்யாணம் ஆகாம போயிருமாம்."

நெத்திலியைத் திருப்பிப் போட்டீர்கள். "அவளக் கட்டுனவன் இப்பவும் இருக்கான். சந்தைப் பக்கத்துல பாத்திரக்கடை. வேற கட்டி, பிள்ளை குட்டியோட இருக்கான். எனக்கு ஒருத்தனையும் குத்த முடியாது மக்ளே. எனக்குக் கத்தி எடுத்தா தைக்கதுக்குத்தான் தெரியும். படத்துலயாவது ஒருத்தி செஞ்சாளே, அத நான் கைதட்டிப் பாக்கக் கூடாதா?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் இல்லை. டூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். உங்களோடு வேலை செய்தவர்களே உங்களை உள்ளே கொண்டுபோனார்கள். அவர்கள் செய்யாத முயற்சி இல்லை. வெளியே வந்து சொன்ன பெண்ணால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆல்பர்ட் அண்ணனே "சரி மோளே, சரி" என்று அவளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு பேப்பர் வேலைகள், திருவனந்தபுரம் விமானம், உங்கள் ஊர். அதெல்லாம் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரிதான்.

அண்ணனும் அஞ்சுவும் திரும்பி வந்த பிறகு, குழு சார்பாக உங்களுக்கு ஒரு நினைவுக் கூட்டம் என்று திலகம் டீச்சர் வீட்டில் கூடினோம். பேச்சு, பாட்டு, அப்புறம் நம் வழக்கப்படி ஒரு படம். பேனர் அடிக்கக் கொடுக்க வாசகம் தயாராக இருந்தது. உங்கள் போட்டோவுக்குக் கீழே 'கருணையின் வடிவம், அமைதியின் உருவம்.' படத்துக்கு ஒரு பழைய நர்ஸ் கதையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் எல்லோருக்கும் சேவை செய்துவிட்டுக் கடைசியில் செத்துப்போவாள்.

அமைதியின் உருவமா? அடுப்படியில் குக்கர் விசிலை மீறிப் பேசுகிற நீங்களா?

"டீச்சர், அக்காவுக்குப் பிடிச்ச படத்தப் போடுவோமே" என்றேன்.

"அது எதுங்க?"

சொன்னேன். அறையில் யாரும் டீயைக் குடிக்கவில்லை.

திலகம் டீச்சர் கெட்டவர் இல்லை, அக்கா. உங்கள் அடக்கத்தன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அஞ்சுவோடு போனில் பேசிக்கொண்டே இருந்தவர். ஆனால் அன்று அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க வசந்தி, ஒரு நர்ஸம்மாவோட நினைவுக்கு வெட்டுக்குத்துப் படமா? அவங்க பேரக் கெடுக்கறதுக்கா? நீங்களே அந்தப் படம் பிடிக்கலைன்னு சொன்னவங்கதானே?"

"எனக்குப் பிடிக்கல டீச்சர். அக்காவுக்குப் பிடிச்சுது. கூட்டம் அக்காவுக்குத்தானே?"

"அவங்க வீட்டுக்காரர் ஒத்துக்குவாரா?"

எல்லோரும் ஆல்பர்ட் அண்ணனைப் பார்த்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட்டைக் கையில் வைத்திருந்தார். அண்ணன் எப்படிப் பேசுவார் என்று உங்களுக்குத் தெரியும், கராஜில் வண்டியோடு பேசுகிற அளவுக்குக்கூட மனுஷர்களோடு பேச மாட்டார்.

"அவ என்னைய அந்தப் படத்துக்குக் கூப்பிட்டா" என்றார். "டூட்டின்னு சொல்லிட்டேன். போடுங்க. நான் பாக்கணும்."

அதோடு பேச்சு முடிந்தது. பேனரில் உங்கள் பெயர் மட்டும் போதும் என்றும் அண்ணனே சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணிக்குப் பிறகு பிள்ளைகளை நம் ஃப்ளாட்டில் விட்டுவிட்டு ஹாலில் கூடினோம். அஞ்சு கேட்டுப் பார்த்தாள், அவளுக்கு இன்னும் வயது ஆகவில்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். இப்போது படம் ஆன்லைனில் முழுசாக வந்துவிட்டது, வெட்டாமல். புரொஜெக்டரை நான்தான் போட்டேன். இதில் ஒரு அசிங்கம் ஆகிவிட்டால் ஆயுசுக்கும் என் பேச்சுத்தான்.

மஞ்சள் கிடங்குக் காட்சியிலேயே நாலைந்து பேர் எழுந்து போனார்கள். திலகம் டீச்சர் போகவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அன்றைக்குத்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்திருக்கிறேன். அக்கா, ஆரம்பத்தில் ஒரு காட்சி வருமே, தையல்காரி தங்கைக்குக் கல்யாண ஜாக்கெட் அளவெடுப்பாள், அந்தப் பெண் கூச்சம் தாங்காமல் சிரித்துக்கொண்டே நெளிவாள். மெஷின் பக்கத்தில் நாலு துணி மடித்து வைத்திருக்கும். மஞ்சள், நீலம், பச்சை, சிவப்பு. பிறகு கிடங்கு, சாயப்பட்டறை, திருவிழா, கடைசிச் சமையலறையில் எரிகிற அடுப்பு. அவள் கொல்லப் போகிற இடமெல்லாம் தங்கையின் துணி விரித்துக் கிடக்கிறது! படம் முழுக்க அந்தப் பெண் ஒரே காட்சியில்தான் வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் எல்லாக் காட்சியிலும் இருக்கிறாள்.

நீங்கள் இதை முதல் தடவையே பார்த்திருப்பீர்கள், இல்லையா? நல்ல துணி உடுத்திக் காட்டட்டும் என்றீர்களே.

இன்னொன்றும் பார்த்தேன். சாகிறவன் முகத்தைக் காமிரா ரசிக்கவே இல்லை. அவள் கையைத்தான் காட்டுகிறது. அந்தக் கை நடுங்குவது சென்சார் வெட்டிய இடங்களில் இருந்திருக்கிறது. இங்கே தியேட்டரில் நமக்குத் துணிச்சலை மட்டும் காட்டிவிட்டு நடுக்கத்தை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அந்த இட்லிக் காட்சி முழுசாகச் சரியாகப்படவில்லை, சொல்லிவிடுகிறேன். நடுநடுவே வருகிற போலீஸ்காரர் காமெடியும் ஒரு கொடுமை, அதில் உங்களுக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் இது மனுஷரைக் கெடுக்கிற படம் என்று இனி யார் சொன்னாலும் நான் உட்கார்ந்து சண்டை போடுவேன்.

விளக்கைப் போட்டோம். திலகம் டீச்சர் என்னிடம் வந்து, "எனக்கு இது பிடிக்கலைங்க. ஆனா ஸ்டெல்லாவுக்கு ஏன் பிடிச்சுதுன்னு கேக்கத் தோணுது" என்றார். நான் ஆல்பர்ட் அண்ணனைப் பார்த்தேன். லில்லி கதை என்னுடையது இல்லையே, நான் எப்படிச் சொல்ல?

அண்ணன் நாற்காலியை விட்டு எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒரு தங்கச்சி உண்டு" என்று ஆரம்பித்தார்.

அவர் அத்தனை நேரம் பேசி நான் கேட்டதில்லை, அக்கா. நீங்கள் அடுப்படியில் சொன்னதை எல்லாம் சொன்னார். பிறகு நீங்கள் எனக்குச் சொல்லாததையும் சொன்னார்.

"ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்குப் போனா, வீட்டுக்குப் போறதுக்கு முன்னால சந்தைப் பக்கம் வண்டிய நிறுத்தச் சொல்லுவா. அவன் கடை முன்னால இறங்கி நிப்பா. ஒண்ணும் பேச மாட்டா. திட்ட மாட்டா. சும்மா அவனப் பாத்துட்டே நிப்பா. அவன் முதல்ல தெரியாத மாதிரி இருப்பான். அப்புறம் உள்ள போவான், வெளிய வருவான். வியாபாரத்துக்கு வந்த ஆளுவ இவளயும் அவனயும் மாறி மாறிப் பாப்பாவ. கடைசில அவன் ஷட்டர இறக்குவான். பட்டப்பகல்ல. ஷட்டர் தரையில முட்டின பொறவுதான் இவ வந்து வண்டில ஏறுவா. எனக்கு வெக்கமா இருக்கும். என்னத்துக்குடி இதுன்னு கேப்பேன். 'லில்லி வந்திருக்கான்னு அவனுக்குத் தெரியணும்'னு சொல்லுவா."

ஹாலில் ஒருத்தி அழுதாள். உங்களை 'நீங்களா இப்படி' என்று கேட்டவள்தான். திலகம் டீச்சர் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

இந்தக் கடிதத்தைக் குழுவின் ஆண்டு மலரில் போடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். படித்துப் பார்த்தார். "அவன் பேரு மட்டும் வேண்டாம். அவனுக்குப் பிள்ளைங்க இருக்கு. மத்ததெல்லாம் இருக்கட்டும்" என்றார். அஞ்சுவிடம் சித்தியைப் பற்றி அவரே உட்கார வைத்துச் சொல்லிவிட்டார். பிறகு உங்கள் போனில் இருந்த லில்லியின் பழைய போட்டோவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள்.

அக்கா, இந்த வருஷம் ஸ்கூல் அடைத்ததும் நான் பட்டுக்கோட்டைக்கு நேராகப் போகவில்லை. அண்ணன், அஞ்சுவோடு திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். அங்கிருந்து காரில் மார்த்தாண்டம். "சந்தைப் பக்கம் நிறுத்தணும்ணே" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். அவர் சரி என்று தலையாட்டினார். அஞ்சுவும் இறங்குவேன் என்கிறாள், அவளைத் தடுக்கப் போவதில்லை.

கத்த மாட்டோம். திட்ட மாட்டோம். வெயிலாக இருந்தாலும் நிற்போம். ஷட்டர் தரையைத் தொடும் வரைக்கும் நிற்போம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
வசந்தி
அப்பாசியா, குவைத்